கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்த பிராசசர்

மூன்று நாள் கழித்து இன்று காலைதான் கணினி உயிர் பெற்றது.

கணினியின் மூளையான பிராசசர் ரைசன் 5 3600, அதன் சூட்டைத் தணிக்கக் கூடவே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர். 65 வாட் பிராசசருக்கு அது தாராளம் என்பார்கள். சொல்பவர்களின் அறை 22 பாகையில் இருக்கும். ரங்கூனில் ஏப்ரல் மதியம், தகரக் கூரைக்குக் கீழே என் அறை 37. அந்த 15 பாகையும் அப்படியே பிராசசர் தலையில் ஏறும். தீமிதிக் காணொளியைத் தொகுக்கும்போதெல்லாம் 95 தொட்டு வேகம் படுத்துவிடும்.

ஹைப்பர் 212 என்ற உயரமான கூலர்மேல்தான் ஆசை. அதன் உயரம் 159 மி.மீ., என் கணினிப் பெட்டியில் இடமோ 155. தண்ணீர்க் கூலர் வேண்டாம். பம்பு போனால் தாய்லாந்து வழியாக மாற்று வரும்வரை யார் காத்திருப்பது? சூட்டைக் கடத்தும் நான்கு ஹீட் பைப் வைத்த குட்டையான கோபுரக் கூலர் ஒன்று வாங்கினேன். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தப் பூசுவது பேஸ்ட். கடைக்காரர் என் தலையில் கட்டியது பாதி காய்ந்திருந்தது, அது தனிக்கதை.

பழைய கூலரைக் கழற்றுமுன் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்டை இளக்க வேண்டும், பிறகு இடவலமாகத் திருக வேண்டும். தெரியும். ஓடவிடப் போகும்போது மின்சாரம் போனது. பொறுமையில்லாமல் நான்கு திருகுகளையும் கழற்றித் தூக்கினேன். 'டக்'. பின்பக்கத் தகடு கீழே விழுந்தது. பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, பிராசசர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதன் அடியிலுள்ள 1,331 ஊசிகளில் ஒன்பது வளைந்திருந்தன.

தண்ணீர்த் திருவிழா விடுமுறை, கடைகள் எல்லாம் அடைப்பு. தூண்டில் நரம்பால் பேஸ்டை அறுத்துப் பிராசசரைப் பிரித்தேன். 0.5 மி.மீ. பென்சிலில் ஈயக்குச்சியை எடுத்துவிட்டால் அதன் முனைத்துளைக்குள் ஊசி நுழையும். டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்தால் நாற்று வரிசைபோல ஊசிகள் தெரியும். வரிசை தப்பியது எது என்று நிழலே காட்டிக்கொடுக்கும். எட்டு நிமிர்ந்துவிட்டன. மூலையில் படுத்தே கிடந்த ஒன்பதாவதுதான் ஒன்றரை நாளைத் தின்றது. ஒரேயடியாக நிமிர்த்தினால் ஒடியும், முன்னும் பின்னும் ஆட்டினாலும் ஒடியும். மயிரிழை நகர்த்துவது, வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பது, மறுபடி நகர்த்துவது. "வருடப் பிறப்பும் அதுவுமாக இப்படியா உட்கார்ந்திருப்பாய்?" என்றார் அம்மா.

பிராசசர் தன் எடையிலேயே சாக்கெட்டில் இறங்க வேண்டும், விரலால் அழுத்தவே கூடாது. இரண்டு முறை விளிம்பில் நின்றது. மூன்றாம் முறை விழுந்தது.

அதே காணொளி, அதே மதிய வெயில்: 78 பாகை!

அடுத்து முன்புறம் ஒரு 120 மி.மீ. விசிறியும் வலையும். தெருவில் ஜெனரேட்டர்கள் கக்கும் கரி முழுவதும் இதற்குள்தான் வருகிறது. பக்கவாட்டு மூடியை இன்னும் பூட்டவில்லை. பூட்டினால் 78 எவ்வளவாகும் என்று பார்க்க வேண்டும். அதற்குள் மறுபடி மின்சாரம் போய்விட்டது.