எம்.பி. அலுவலகத்துக்குப் போகமுன்

எம்.பி.யிடம் ஒரு கடிதம் வாங்கினால் காரியம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் இன்னமும் பலமாக இருக்கிறது. கடிதம் வாங்குவதில் பெரிய சிரமமில்லை. அது போய்ச் சேர்ந்த பிறகு கோப்பு அசையுமா என்பதுதான் விஷயம். அதைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் கடிதத்தலைப்பு அல்ல, உள்ளே எழுதியிருக்கும் நாலு வரிதான்.

"இவரது விடயத்தைக் கவனத்தில் எடுத்து ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போனால் என்ன நடக்கும்? தபால் பதிவேட்டில் ஒரு இலக்கம் விழும். உரிய உத்தியோகத்தரின் மேசைக்குப் போகும். "நடைமுறைக்கு அமையப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். அத்தோடு அது சரி. அதே கடிதத்தில் விண்ணப்ப இலக்கம், கொடுத்த திகதி, வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம், அந்தக் காரணத்துக்கு எதிரான ஆவணம், கடைசியில் ஒரேயொரு கேள்வி ஆகியவை இருந்தால் உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

பாராளுமன்ற உறுப்பினருக்கு விதானையாரையோ (கிராம அலுவலரையோ) பிரதேச செயலாளரையோ பார்த்து "இதைக் கொடு" என்று கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. அவரால் கேட்க முடியும். எழுத்தில் விளக்கம் கோரலாம். பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் விஷயத்தை எடுக்கலாம். பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், பொது மனு சமர்ப்பிக்கலாம். எவராலும் கேட்கப்படாமல் கிடக்கும் கோப்புக்கு இவையெல்லாம் பெரிய பலம். தகுதியே இல்லாத விண்ணப்பத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடங்கும். 2020இல் 7 ஆக இருந்த ஆசனங்கள் 2024 பொதுத் தேர்தலில் 6 ஆகின. இந்த ஆறு பேரில் எவரிடமும் நீங்கள் போகலாம். அவருக்கு வாக்களித்தீர்களா என்று கேட்க அலுவலகத்தில் எவருக்கும் உரிமை இல்லை, நீங்கள் சொல்லவும் தேவையில்லை. ஆனால் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் கொடுக்காதீர்கள். மூன்று கடிதமும் கடைசியில் ஒரே உத்தியோகத்தரின் மேசைக்குத்தான் வரும். அவர் ஒன்றுக்குப் பதில் எழுதி மற்ற இரண்டையும் அதே கோவைக்குள் செருகிவிடுவார். பதில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று தேடுவதிலேயே இரண்டு மாதம் போய்விடும்.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. இங்கேதான் அதிகம் பிழைக்கிறது. வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கை பெரும்பாலும் பிரதேச சபையினுடையது. சற்றுப் பெரிய வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையதாக இருக்கலாம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் வருகிறது. தேசிய பாடசாலைக்குக் கொழும்பு, மாகாணப் பாடசாலைக்கு வலயக் கல்வி அலுவலகம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு, மாகாண விஷயங்களுக்கு அரசியல் ரீதியாகக் கேட்க அமைச்சர் இல்லை. அதனால் ஒழுங்கை லைற் தொடக்கம் ஆசிரியர் இடமாற்றம் வரை எல்லாம் எம்.பி.யின் வாசலில் வந்து குவிகின்றன. அவர் அதை ஆளுநரின் செயலகத்துக்கோ பிரதம செயலாளருக்கோ அனுப்புவார். பிரதேச சபைக்குரிய வேலையென்றால் உங்கள் வட்டார உறுப்பினரிடம் போவது விரைவு.

கிளிநொச்சி சேராத யாழ்ப்பாண நிருவாக மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் பிரிவுக்கு 'ஜே' என்று தொடங்கும் ஒரு இலக்கம் உண்டு. வதிவிடச் சான்றிதழில் அதைப் பார்க்கலாம். எந்தக் கடிதத்திலும் அந்த இலக்கத்தை எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும் இடத்தில் இது ஒன்றே குழப்பத்தைத் தீர்க்கும்.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எம்.பி. அலுவலகங்களுக்கு வரும் முறைப்பாடுகளில் அதற்குத் தனி இடம் உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் தெரிவைச் செய்வது விதானையாரோ எம்.பி.யோ அல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி கணக்கிடப்படுகிறது. ஆகவே "இவர் மிகவும் கஷ்டப்பட்டவர்" என்று எம்.பி. எழுதினாலும் புள்ளி மாறாது. கணக்கெடுப்பில் பதிந்த ஒரு தரவு பிழை என்று காட்டினால்தான் மாறும்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் இவை. ஒரே வளவில் தாயும் மணமுடித்த மகளும் தனித்தனியாகச் சமைத்தாலும் ஒரே குடும்பமாகப் பதிந்திருக்கும், மருமகனின் சம்பளம் தாயின் வருமானமாகிவிடும். விற்ற மோட்டார் சைக்கிள் பெயர் மாற்றப்படாமல் 'ஓப்பன் பேப்பரில்' ஓடிக்கொண்டிருக்கும், பதிவில் அது இன்னும் உங்கள் சொத்துத்தான். இரண்டு வீட்டுக்கு ஒரே மின்மானி என்றால் அலகு கூடிக் காட்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கோயிலுக்கோ வைத்தியத்துக்கோ ஒரு தடவை அனுப்பிய காசை மாத வருமானம்போல் சொல்லியிருப்பார்கள். இதில் எது உங்களுடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அதற்குரிய தாளை எடுங்கள்: தனிக் குடும்பம் என்பதற்கு விதானையாரின் உறுதிப்படுத்தல், வாகனத்துக்கு விற்பனைப் பத்திரமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றமும், மின்சாரத்துக்குப் பட்டியலோடு மற்ற வீட்டின் விபரம். மேன்முறையீட்டைப் பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் கொடுத்துப் பற்றுச்சீட்டு எடுத்த பிறகே எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். மேன்முறையீடு செய்யாதவருக்காக எழுதப்படும் கடிதம் "முதலில் மேன்முறையீடு செய்யச் சொல்லுங்கள்" என்றுதான் திரும்பி வரும்.

பெயர் தெரிவாகியும் காசு வராமல் இருப்பது வேறு விஷயம். அது பெரும்பாலும் வங்கியில் சிக்கியிருக்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர். அல்லது ஒன்றில் 9 இலக்கமும் வீ எழுத்தும் கொண்ட பழைய எண், மற்றதில் 12 இலக்கப் புதிய எண். இதற்கு எம்.பி. தேவையில்லை. அஸ்வெசும பற்றி விசாரிக்கும் தொலைபேசி இலக்கமான 1924க்கு அழைத்து விண்ணப்ப இலக்கத்தைச் சொல்லி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு வங்கியில் பெயரைத் திருத்துங்கள்.

பெயர்ப் பிரச்சினை எங்கள் மாவட்டத்தில் தனியான ஒரு சுமை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒருவிதம், அடையாள அட்டையில் சிங்களத்தின் வழியாக இன்னொருவிதம், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றாவது விதம். இடம்பெயர்ந்தபோது மூலப் பத்திரம் தொலைந்தவர்களுக்கு இன்னும் மோசம். முதலில் எல்லாப் பத்திரங்களையும் மேசையில் வரிசையாகப் போட்டு, பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றையும் ஒரு தாளில் நிரலாக எழுதுங்கள். எந்தப் பத்திரம் தனித்து நிற்கிறதோ அதைத்தான் திருத்தவேண்டும். அரைமணித்தியால வேலை. பல குடும்பங்கள் இதைச் செய்யாமல் சரியாக இருந்த பத்திரத்தைத் திருத்தி, மற்றவற்றோடும் பொருந்தாமல் ஆக்கிவிடுகிறார்கள். சமாதான நீதவான் முன்னிலையில் "இரு பெயரும் ஒருவரே" என்று சத்தியக்கடதாசி முடிப்பது சில இடங்களில் போதும். ஓய்வூதியத்துக்கோ காணிக்கோ அது போதாது, பதிவாளரிடம் திருத்தம் செய்தேயாக வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் பத்திரம் போன்ற தேவைகளுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் முடியும் என்று எவராவது சொன்னால், அது சரியல்ல. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணப்படாமைச் சான்றிதழ் பெறலாம். மரணத்தை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்து வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எம்.பி. அலுவலகத்தில் படிவம் நிரப்பித் தருபவருக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். எந்தச் சான்றிதழுக்கான படிவம் என்று தலைப்பை வாசித்த பிறகே கையெழுத்து வையுங்கள்.

ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு முன்பு கொழும்புக்கு அலையவேண்டியிருந்தது, எம்.பி.யின் பரிந்துரையைத் தேடுவதும் வழக்கமாக இருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிகிச்சை அளிக்கும் வைத்தியர் நிரப்பவேண்டிய பகுதிதான் இதில் தாமதமாகும். கிளினிக் நாளிலேயே படிவத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி கடிதம். எம்.பி. அலுவலகத்தில் ஒரு நாளில் பலர் காத்திருப்பார்கள். எம்.பி.யின் இணைப்பாளருக்கு உங்கள் கதை முழுவதையும் கேட்க நேரம் இருக்காது. ஒரு பக்கத்துக்குள் நீங்களே எழுதிக் கொண்டுபோனால் அதையே தட்டச்சுச் செய்து அனுப்புவார். இப்படி எழுதலாம்:

"நான் ஜே/… கிராம அலுவலர் பிரிவில் வசிக்கிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் …. … திகதி … பிரிவில் … விண்ணப்பத்தைக் கையளித்தேன். பற்றுச்சீட்டு இலக்கம் …. … திகதி நேரில் விசாரித்தபோது … என்று காரணம் சொல்லப்பட்டது. அது சரியல்ல என்பதற்கு … ஆவணத்தை இணைத்துள்ளேன். இந்த விண்ணப்பம் தற்போது எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது, முடிவெடுக்க இன்னும் தேவைப்படும் ஆவணம் எது என்பதை எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் பதில் சொல்லாமல் விடலாம். "எந்த ஆவணம் குறைகிறது" என்று கேட்டால் ஏதாவது ஒன்றை எழுதியே ஆகவேண்டும். அந்த எழுத்து கையில் கிடைத்தால் அடுத்த படிக்கு அது சாட்சி. அதிகாரியைக் குறைசொல்லும் வரிகளை நீக்கிவிடுங்கள். அதே ஆள்தான் அந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிறார்.

மூலப் பத்திரம் எதையும் எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு தொகுதி போட்டோக்கொப்பி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்த திகதியும் கையொப்பமும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். எம்.பி. அனுப்பும் கடிதத்தின் பிரதியையும், அதிலுள்ள 'எனது இல.' என்ற கோவை இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பிரதேச செயலகத்துக்குப் போய் "எம்.பி. கடிதம் அனுப்பினவர்" என்றால் தேடித்தர எவருக்கும் வழியில்லை. நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து பஸ் ஏறிக் கச்சேரிக்கு (மாவட்ட செயலகத்துக்கு) வருபவருக்கு இந்த ஒரு இலக்கம் முழு நாளையே மிச்சப்படுத்தும்.

இரண்டு கிழமை பொறுத்து நேரில் கேளுங்கள். ஒரு மாதமாகியும் எழுத்தில் ஒன்றும் வரவில்லையென்றால் எம்.பி. அலுவலகத்தில் இரண்டாவது கடிதம் கேட்காமல், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒருவரின் தனி விஷயமாகக் கொடுத்தால் அங்கே நேரம் கிடைக்காது. அதே பிரிவில் அதே சிக்கலில் உள்ள ஐந்தாறு விண்ணப்ப இலக்கங்களைச் சேர்த்துக் கொடுத்தால் நிகழ்ச்சி நிரலில் ஏறும்.

உங்கள் கையிலேயே இன்னொரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் உங்கள் கோப்பின் நிலையைத் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த இரண்டாவது 14 நாளைத் தவறவிட்டுத்தான் பலர் தோற்கிறார்கள். விண்ணப்பம் கொடுத்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஓய்வூதியம், சேவைக் காலம், நட்டஈடு போன்ற பழைய அநீதிகளுக்கு எம்.பி. மூலமாகப் பாராளுமன்றத்தில் பொது மனு கொடுக்கலாம். பொது மனுக் குழு திணைக்களத்தின் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். மெதுவாக நடக்கும், ஆனால் கோப்பு காணாமல் போகாது. நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் (ஒம்புட்ஸ்மன்) 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நேரடியாகவும் முறையிடலாம்.

அரச வேலை, நீதிமன்ற வழக்கு, பொலிஸ் விசாரணை ஆகியவற்றுக்குக் கடிதம் கேட்டுப் போகாதீர்கள். பொதுச் சேவை ஆணைக்குழுவின் முடிவில் செல்வாக்குச் செலுத்த முயல்வது அரசியலமைப்பின்படி குற்றம். பாடசாலை முதலாம் தர அனுமதியிலும் கடிதத்துக்குப் புள்ளி கிடையாது. வதிவிட ஆவணங்கள் போன்றவற்றுக்குத்தான் உண்டு. "காசு தந்தால் எம்.பி.யிடம் சொல்லி முடித்துத் தருகிறேன்" என்று நடுவில் எவராவது வந்தால் 1954க்கு அழைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். எம்.பி. அலுவலகத்தின் எந்த வேலைக்கும் கட்டணம் இல்லை.

கொழும்பிலிருந்து பதில் சிங்களத்தில் வந்தால் அதைத் திருப்பி அனுப்பாதீர்கள், மேன்முறையீட்டுக் காலம் அந்தத் திகதியிலிருந்துதான் ஓடும். உறையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தமிழில் பிரதி தரும்படி அன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. இடையில், எம்.பி. அலுவலகத்தில் அதை வாசித்துச் சொல்ல ஒருவர் இருப்பார். கேளுங்கள், தயங்கவேண்டாம்.