நான் விளையாட ஆசைப்படும் கேம்கள்

என் தம்பி ஓய்வு நேரத்தில் சின்னச் சின்னக் கேம்கள் செய்பவன். எனக்குக் கோடிங் தெரியாது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சாலை, ஆறு, கட்டடம் என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. ஆனால் ஒரு கேம் யோசனை மண்டைக்குள் புகுந்துவிட்டால் அதை அவனிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அவனும் பொறுமையாகக் கேட்பான். கேட்டு முடித்ததும் ஒரே கேள்விதான்: "அக்கா, கதையெல்லாம் அப்புறம். விளையாடுறவங்க கை என்ன பண்ணும்?"

முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது நானே எந்த யோசனையையும் அந்தக் கேள்வியில் வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன். வில் ரைட் என்ற கேம் வடிவமைப்பாளர் 1984-இல் ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் கேம் ஒன்று செய்தார். அதற்குத் தேவையான தீவுகளை வரைய ஒரு கருவியும் செய்துகொண்டார். குண்டு போடுவதைவிட அந்தத் தீவுகளில் சாலையும் கட்டடமும் வைப்பதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து 1989-இல் நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி வந்தது. கை செய்யும் வேலை மாறியதும் ஒரு புது வகைக் கேமே பிறந்துவிட்டது.

சுடுவது, தாவுவது, பொறுக்கிச் சேர்ப்பது, கட்டுவது. பெரும்பாலான கேம்களில் கைக்குக் கிடைப்பது இவ்வளவுதான். நான்கும் எனக்குப் பிடிக்கும், அதில் குறையில்லை. ஆனால் 2021-இல் வந்த அன்பேக்கிங் என்ற கேமில் அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சாமானை எடுத்து வைப்பது தவிர வேறு வேலையே கிடையாது. ஒரு பெண் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள். அவள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. காதலனோடு குடியேறும் வீட்டில் அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடம் கிடைக்காது. எங்கே வைத்தாலும் கேம் ஏற்காது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளவேண்டும். தள்ளுவது நம் கை. அந்த உறவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்ட கேம்கள் இன்னும் நூறு வேண்டும் எனக்கு.

நான் அதிகம் யோசித்து வைத்திருப்பது வரைபடக்காரர் கேம். நீங்கள் ஒரு பழங்காலத் துறைமுகத்தில் வரைபடம் வரைபவர். அறையைவிட்டு வெளியே போகவே மாட்டீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பும் மாலுமிகள் வந்து சொல்வதைக் கேட்டு வரையவேண்டும். ஒருவர் "வடக்கே ஐந்து நாள் போனால் கரை" என்பார். இன்னொருவர் அதே கரைக்கு மூன்று நாள் என்பார். ஒருவர் மூடுபனியைப் பார்த்து மலை என்று நினைத்திருப்பார். இன்னொருவர் வேண்டுமென்றே பொய் சொல்வார், ஏனென்றால் அந்த மீன்பிடி இடம் தனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பருவத்தில் உங்கள் வரைபடத்தை நம்பிக் கப்பல்கள் கிளம்பும். சில திரும்பும்.

இதற்குக் கஷ்ட அளவைத் தனியாக உட்கார்ந்து யோசிக்கவே வேண்டாம், வரலாறே வைத்திருக்கிறது. சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் வைத்து வடக்கு-தெற்கு நிலையை ஓரளவு சரியாகக் கணிக்க அந்தக் காலத்திலேயே முடிந்தது. கிழக்கு-மேற்குதான் சிக்கல். அதை, அதாவது தீர்க்கரேகையை, நேரத்தை வைத்துத்தான் கணிக்கவேண்டும்; ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஜான் ஹாரிசனின் கடல் கடிகாரம் 1761-இல் சோதனைப் பயணம் போகும்வரை, கடலில் அதற்கு நம்பகமான கடிகாரம் கிடையாது. ஆகவே கேமில் மாலுமிகள் சொல்லும் வடக்கு-தெற்கு அளவை ஏறக்குறைய நம்பலாம். கிழக்கு-மேற்கு அளவு இழுத்த ரப்பர் மாதிரி இருக்கும். இதை விளையாடுபவருக்கு யாரும் சொல்லித்தரக் கூடாது. நாலைந்து கப்பல் போய் வந்த பிறகு தானாகவே புரியவேண்டும். 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் என்ற விண்வெளிக் கேமில் இந்தச் சுகம் இருந்தது: முதல் நிமிடத்தில் இருக்கும் அதே கருவிகள்தான் கடைசிவரை, கூடுவது நமக்குத் தெரிந்த விஷயம் மட்டும்.

இன்னொரு பகுதியை நினைத்தால்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த ஊரில் உங்களோடு போட்டி போடும் வரைபடக்காரர்களும் உண்டு. அவர்கள் உங்கள் படத்தைப் பார்த்து நகலெடுப்பார்கள். நீங்கள் சந்தேகத்தோடு போட்ட ஒரு தீவு, இரண்டு வருடம் கழித்து அவர்கள் படத்திலும் இருக்கும். அதைப் பார்த்ததும் "ஓ, அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்" என்று உங்கள் மனம் நம்பத் தொடங்கும். உங்கள் தவறே உங்களுக்குச் சாட்சியாக வந்து நிற்கும். நிஜத்தில் நடந்ததும் இதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் காங் மலைத்தொடர் என்று ஒன்று 1798-இல் ஜேம்ஸ் ரென்னல் என்ற ஆங்கிலேய வரைபடக்காரர் வரைந்த படத்தில் ஏறியது. அப்படி ஒரு மலையே அங்கே இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட நூறு வருடம் படத்துக்குப் படம் அது நகலாகிக்கொண்டே போனது. கலிபோர்னியாவைத் தீவாக வரைந்த படங்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஏராளம். அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பவளக் கடலில் சாண்டி தீவு என்று படங்களில் இருந்த இடத்துக்கு 2012-இல் ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் போனபோது அங்கே வெறும் கடல்தான் இருந்தது. தினமும் கோடு போடுகிறவள் என்பதால் இந்தச் சம்பவங்கள் என்னை விடுவதில்லை.

கோட்டிலும் ஒரு தேர்வு வேண்டும். உறுதியாகத் தெரிந்தால் அழுத்தமான கோடு, சந்தேகமென்றால் புள்ளிக்கோடு. ஆனால் புள்ளிக்கோடு நிறைந்த படத்தை வாங்க யாரும் முன்வர மாட்டார்கள். நேர்மையாக வரைவதா, விற்கும்படி வரைவதா என்று ஒவ்வொரு கரையோரத்திலும் கை ஒரு நொடி நிற்கவேண்டும்.

அடுத்தது கலங்கரை விளக்கக் கேம். பழைய கலங்கரை விளக்கங்களில் கண்ணாடி வில்லையைச் சுழற்றக் கடிகாரத்தைப் போன்ற ஒரு இயந்திரம் இருக்கும். எடைக்கல் மெதுவாகக் கீழே இறங்க இறங்கச் சக்கரம் சுற்றும்; சில மணிக்கு ஒருமுறை யாராவது கையால் அதை மேலே ஏற்றவேண்டும். என் கேமில் உங்களுக்கு ஒரே ஒரு இரவுதான். எடையை ஏற்றுகிறீர்கள், திரியை வெட்டுகிறீர்கள், கண்ணாடியைத் துடைக்கிறீர்கள், கடந்துபோன கப்பலைக் குறித்துவைக்கிறீர்கள். விடிந்ததும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விட வேண்டும், திரும்ப வர முடியாது. அதே கலங்கரை விளக்கம், அதே விரிசலோடு, முன்பின் தெரியாத இன்னொருவர் கைக்குப் போகும். உங்கள் குறிப்பு மட்டுமே அவருக்குத் துணை. "கெட்ட வார்த்தை எழுதி வைப்பாங்களே" என்றான் தம்பி. நியாயமான பயம். 2011-இல் வந்த டார்க் சோல்ஸ் என்ற கேமில் முன்பே கொடுத்த சொற்களைக் கோத்துத்தான் மற்றவர்களுக்குச் செய்தி விட முடியும். இங்கேயும் அப்படி வைத்துக்கொள்ளலாம். முப்பது, நாற்பது சொற்கள் போதும். குறைவான சொல்லில் "மூன்றாவது படி ஆடுகிறது" என்பதை எப்படிச் சொல்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதும் ஒரு விளையாட்டுதானே.

ஆறாகவே விளையாடும் கேம் ஒன்றும் உண்டு. வளைவின் வெளிக்கரையை அரிப்பீர்கள், உட்கரையில் மணல் சேர்ப்பீர்கள். வளைவு முற்றி ஒருநாள் அறுந்தால் குதிரைக்குளம்பு வடிவில் ஒரு ஏரியை விட்டுவிட்டு நேராக ஓடுவீர்கள். 1944-இல் ஹரால்ட் ஃபிஸ்க் என்ற நிலவியல் அறிஞர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் பழைய தடங்களை எல்லாம் வண்ண வண்ணமாக வரைந்த படங்களைப் பார்த்த நாளிலிருந்து இது மனதில் இருக்கிறது. ஆனால் தம்பியின் கேள்விக்கு இதில் இன்னும் சரியான பதில் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான் அழகாக இருக்கும்.

கப்பலின் எஞ்சின் அறையில், இருட்டில், சத்தத்தை மட்டும் வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் கேமும் வேண்டும். திரை முழுக்கக் கறுப்பு, காதில் ஹெட்போன். பார்வை இல்லாதவர்களும் சமமாக உட்கார்ந்து விளையாடலாம், அவர்கள் என்னைவிட நன்றாகவே விளையாடுவார்கள்.

இப்போதைக்கு நாங்கள் கையில் எடுத்திருப்பது வரைபடக்காரர் கேமைத்தான். கம்ப்யூட்டர் வேண்டாம், முதலில் காகிதத்தில் செய்து பார்க்கிறோம். தம்பி சீட்டுகளை வைத்துக்கொண்டு மாலுமிகளாகப் பேசுகிறான், நான் வரைகிறேன். ஒரு விஷயத்தில்தான் சண்டை. கடைசியில் உண்மையான படத்தைக் காட்டலாமா கூடாதா? காட்டாவிட்டால் ஆள் கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்கிறான் அவன். ஒரு கப்பலில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று துப்பறியும் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் கேமில் மூன்று பேரின் விதியைச் சரியாகக் கண்டுபிடித்தால் கேமே அதை உறுதிசெய்யும், அதுபோல ஏதாவது வேண்டும் என்று வாதாடினான். எனக்கு மனசில்லை. தான் வரைந்தது சரியா என்று அந்தக் காலத்தில் யார் வந்து சொன்னார்கள்?

சரி, ரெண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்துவிட்டது. கேம் முடிந்ததும் நூறு வருடம் கழித்து வேறொருவர் வரைந்த படத்தைக் காட்டுவோம். உங்கள் கோடுகளில் சில அதில் அப்படியே இருக்கும், சில திருத்தப்பட்டிருக்கும். அவருடைய தவறுகளும் அதில் இருக்கும், எவை என்று சொல்லமாட்டோம். அடுத்த ஆட்டத்துக்கு அந்த நூறு வருடத்துப் படத்துக்கான சீட்டுகளை எழுதவேண்டும், அது என் பங்கு.