சரளையில் நின்ற வண்டி

பூங்காப் பாதைச் சரளையில் ஒரு பவர் வீல்சேர் நின்றுவிட்டது.
மோட்டார் ஓடுகிறது. முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம்தான் புதைந்து கிடக்கிறது.

அமெரிக்காவில் முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அது கேட்பது ஒன்றே: வீட்டுக்குள் தேவையா?
கரடுமுரடான தரைக்கு ஏற்ற குரூப் 4 வண்டிக்குப் பணம் தராது. வாழ்க்கை வாசற்படியோடு முடிந்துவிடுகிறது போல!

நரம்பு, தசை நோயோ பிறவி எலும்புக் குறைபாடோ இருந்தால் அதற்கு ஒரு படி கீழான குரூப் 3 வண்டியைக் கேட்கலாம். மருத்துவர் நேரில் பரிசோதித்த 6 மாதத்துக்குள் ஆர்டர் எழுத வேண்டும்.

அவர் குறிப்பில் "வெளியே போய்வர" என்று மட்டும் இருந்தால் மறுப்புதான். கழிவறைக்கும் அடுப்படிக்கும் போக முடியாததையும், வாக்கரும் கையால் தள்ளும் வீல்சேரும் ஏன் போதாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

முன்சக்கர இழுவை வண்டியாகக் கேளுங்கள். பெரிய சக்கரம் முன்னால் வருவதால் சரளையில் புதைவது குறைவு.

ஒப்புதல் வந்தாலும் மெடிகேர் ஏற்கும் விலையில் 20 சதவீதம் நம் பாடு.