பதிவேட்டில் ஒரே ஒரு சொல்

தை மாதத்தில் என் அண்ணன் மகள் நைரோபியிலிருந்து வந்து பத்து நாள் என்னோடு தங்கினாள். அங்கே மக்கள்தொகை ஆய்வில் புள்ளியியல் வேலை அவளுக்கு. கவுனி அரிசி வேகும் நேரமெல்லாம் அவளை முற்றத்தில் உட்காரவைத்து அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். தேவகோட்டைப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். பதிவேட்டை இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

கொரோகோச்சோ, விவாண்டானி என்று நைரோபியில் இரண்டு குடிசைப் பகுதிகள். ஆப்பிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வு மையம் 2002 முதல் பல ஆண்டுகள் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு மூன்று முறை ஆள் அனுப்பியது. யார் பிறந்தார், யார் இறந்தார், யார் குடிவந்தார், யார் காலி செய்து போனார் என்று குறித்து வந்தார்கள். இங்கே எனக்கு இருந்த தொல்லை வேறு. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்துக் கட்டிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும். கதவைத் தட்டினால் காவலுக்கு இருப்பவர்தான் வருவார். அங்கேயோ ஒரு தகர அறைக்குள் ஒரு குடும்பம். அடுத்த முறை போகும்போது அதே அறையில் வேறு குடும்பம் இருக்கும்.

இத்தனை பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. 2000இல் அந்த மையம் நைரோபிக் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடத்தியது. பிறக்கும் 1000 குழந்தைகளில் 151 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. அதற்குச் சற்று முன் எடுத்த கணக்கில் நைரோபி நகரம் முழுவதற்கும் 62தான். கென்யக் கிராமங்களுக்கே 113தான். நகரத்துக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் இருந்ததே தெரிந்திருக்காது. டவுனுக்குப் போய்விட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நானும் எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலேயே இறந்தவர்களுக்கு மருத்துவரின் சான்று கிடையாது. அதனால் துக்கம் சற்று ஆறட்டும் என்று விட்டுப் பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போகிறார். காய்ச்சல் எத்தனை நாள், மூச்சு வாங்கியதா, வலிப்பு வந்ததா, பால் குடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார். அதைப் படித்து மலேரியாவா, நிமோனியாவா என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். "இழவு விழுந்த வீட்டில் போய் இதையெல்லாம் கேட்கலாமா?" என்றேன். "கேட்கப் போகிறவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு அத்தை. ஆனால் பல அம்மாக்கள் நிறுத்தாமல் சொல்கிறார்கள். அதுவரை யாருமே அவர்களிடம் கேட்டதில்லை" என்றாள்.

நானும் கேட்டதில்லை. 1988இல் கண்மாய்க்கரைத் தெருவில் எட்டு மாத ஆண் குழந்தை ஒன்று இறந்தது. நான் போனபோது எடுத்து அடக்கம் செய்திருந்தார்கள். தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரக்கப்பட்டுத்தான் கேட்கவில்லை என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்க முடியவில்லை.

அண்ணன் மகள் ஊர் திரும்பிய மறுவாரம் பஸ் ஏறி அந்தத் தெருவுக்குப் போனேன். அந்தத் தாய்க்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு மோர் கொடுத்தாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவள் தயங்கவே இல்லை. நான்கு நாள் காய்ச்சலாம். மூன்றாம் நாள் இருமல் வலுத்திருக்கிறது. கடைசி இரவு மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்திருக்கிறது. விடியற்காலை மார்பில் வைத்தபோது வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்து, "இந்த இடம்தான் நர்சம்மா, இப்படித்தான் உள்ளே போச்சு" என்று காட்டினாள்.