கானாடுகாத்தானில் கண்ட இரண்டு பச்சைகள்

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த மாலையில் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்கிய வீட்டின் முகப்பில், கண்ணாடிபோல் இழைத்த வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில், விளக்கை ஒட்டி ஓர் அந்துப்பூச்சி அமர்ந்திருந்தது. விரித்த சிறகு ஏறத்தாழ 10 செ.மீ. இருக்கும், பாசிப்பச்சையும் வெளிறிய சிவப்பும் அலையலையாய் ஓடின. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட அரளி அந்து அது. இலைகளுக்கிடையே இருந்தால் கண்ணில் படாமல் தப்பியிருக்கும்.

"நந்தியாவட்டையில ஒரு இலை விடாமத் தின்னுப்பிடும் தம்பி" என்றார் வீட்டு ஆச்சி. அவர் குற்றம் சாட்டியது அதன் புழுவை. அந்துப்பூச்சியோ அந்தி வேளையில் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சுவது.

மறுநாள் ஆத்தங்குடிக்குப் போகும் வழியில், கண்மாய்க்கரை வேலமரத்தில் பொன்வண்டைக் கண்டேன். சிறுவயதில் தீப்பெட்டிக்குள் வேல இலை போட்டு, முட்டையிடுமா என்று மணிக்கொரு தடவை திறந்து பார்த்த அதே வண்டு. மண்ணுக்கடியில் வேரைத் தின்று வளர்ந்து, மழைக்குப் பின் மேலே வருவது. வெயிலில் பளபளத்த அது ஒளிந்துகொள்ள முயன்றதாகவே தெரியவில்லை.

ஆத்தங்குடியில் கண்ணாடியின் மீது வண்ணச் சிமென்டுக் குழம்பை வார்த்துத் தரைக்கல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இரு பூச்சிகளின் வேறுபாடும் எனக்குப் பிடிபட்டது. கல்லின் பச்சை அதில் கலந்த சாயம். மினுமினுப்பு மட்டுமே கண்ணாடி தந்தது. பொன்வண்டின் பச்சையிலோ சாயமே இல்லை. அதன் ஓட்டில் அடுக்கடுக்காய் அமைந்த மெல்லிய படலங்கள் ஒளியைத் திருப்பியனுப்பும் விதமே நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதனால்தான் வண்டு செத்தும் நிறம் சாவதில்லை. 1903 தில்லி தர்பாருக்கு, அன்றைய வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி உடுத்திய, மயிற்பீலி வடிவ வேலைப்பாடு கொண்ட உடையில் தைத்த வண்டுச் சிறகுகள், கூட இருந்த சரிகை கறுத்த பின்னும் மின்னுகின்றன. அந்தின் நிறமோ நுண்செதில்களில் இருக்கிறது. விரல் பட்டால் பொடியாய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என் மனம் என்னவோ அந்தின் பக்கமே சாய்ந்தது.

திரும்பி வந்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. ஆச்சி நந்தியாவட்டையின் அடியில் மிளகுபோல் உதிர்ந்து கிடந்த எச்சத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். குனிந்து இலைகளின் அடிப்புறத்தைத் தேடினேன். கழுத்தருகே இரண்டு நீலக் கண்பொட்டுகளோடு, ஒரு பச்சைப் புழு இலை விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது.