நெற்றி, உதடு, நெஞ்சு: வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் நாவுக்கும் நினைவுக்கும் காவல்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் வழியாக வேளாங்கண்ணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே தொடங்கி, செப்டம்பர் 8 மாதா பிறப்புப் பெருவிழா வரை இந்தச் சாலையில் காவி உடுத்தி, கழுத்தில் ஜெபமாலை போட்டவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். முன்னால் கொடி, நடுவில் மாதா சுரூபம் (சிலை) வைத்த சப்பர வண்டி, "மரியே வாழ்க" என்ற முழக்கம். காலுக்குத் தேங்காய் எண்ணெய், பஞ்சு, பிளாஸ்டர் எல்லாம் பையில் இருக்கும். வாய்க்குத்தான் யாரும் எதையும் எடுத்து வருவதில்லை. கறி மீன் விட்டு ஒரு மாதம் விரதம் காத்தவர்கூட, இரண்டாம் நாள் மதியம் குழாயடியில் வாளிக்காக ஒரு சொல் சொல்லி அந்த விரதத்தை முறித்துவிடுவார்.

காவலுக்கான வழி, புறப்படும்போது போடும் சிலுவை அடையாளத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலால் நெற்றியில் ஒன்று, உதட்டில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. நற்செய்தி வாசிக்கும்முன் பூசையில் போடுவதும் இதுவே. நினைவு, சொல், ஆசை என்ற மூன்று வாசலுக்கும் தாழ் போடும் செயல் இது. அவசரத்தில் மூன்றும் ஒரே தடவலாகிவிடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூச்சு நின்று போடுங்கள். நடை தொடங்கும்போது, சாப்பிட உட்காரும்போது, படுக்கும்முன் என்று நாளுக்கு மூன்று முறை போதும்.

அடுத்தது கணக்கு. இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் கற்றுத்தந்த தனி ஆன்ம சோதனையை நடந்துகொண்டே செய்யலாம். ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். "நல்லவனாக இருப்பேன்" என்று எடுத்தால் எண்ண முடியாது. "இன்று யாரையும் குறை சொல்ல மாட்டேன்" என்றால் எண்ணலாம். காலையில் அந்தக் குறையை நினைத்துத் தீர்மானம் செய்வது, மதியம் ஒருமுறை கணக்குப் பார்ப்பது, இரவில் இன்னொரு முறை பார்ப்பது. தவறிய உடனே நெஞ்சில் கை வைத்து மனம் வருந்த வேண்டும். பக்கத்தில் நடப்பவருக்குக்கூட அது தெரியாது. இஞ்ஞாசியார் நாளுக்கு இரண்டு கோடு போட்டுப் புள்ளி வைக்கச் சொன்னார். வியர்வையில் தாள் நனைந்துவிடும் என்பதால் நடைக்குப் புளியங்கொட்டைதான் வசதி: வலது பையில் இருபது, ஒவ்வொரு தவறுக்கும் ஒன்று இடது பைக்கு. மதியத்தையும் இரவையும் ஒப்பிட்டு, நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம், கவனம் வந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் நாளும் ஒரு கொட்டைகூட நகரவில்லை என்றால் எண்ண மறந்திருப்பீர்கள்.

அதிகாலை 3 மணிக்கு எழுந்து நடக்கும் குழுக்கள், விடியும்வரை முழு மௌனம் என்று விதி வைப்பது மிக நல்லது. வெயில் ஏறிய பிறகு மௌனம் காப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பசியும் கொப்புளமும் வாயைத் திறந்துவிடும். விடிந்ததும் ஜெபமாலை. பத்து மணி கொண்ட ஒரு சுற்றுக்குப் பத்துமணி என்று பெயர். ஐந்து பத்துமணி, தொடக்கத்து மூன்றையும் சேர்த்து 53 மங்கள வார்த்தை ஜெபம் ("அருள்நிறைந்த மரியே" ஜெபம்). உட்கார்ந்து சொன்னால் 20 நிமிடம். நடக்கும்போது தலைவர் வேகமாகச் சொன்னால் பின்னால் வருபவருக்கு மூச்சு வாங்கும், உதடு மட்டும் அசையும், மனம் வீட்டுக்குப் போய்விடும். குழுவை இரண்டாகப் பிரித்து, "அருள்நிறைந்த மரியே" என்று முன்வரிசையும் "புனித மரியே" என்று பின்வரிசையும் மாறி மாறிச் சொன்னால் மூச்சும் கிடைக்கும், கவனமும் நிற்கும். ஒரு பத்துமணி முடிந்து அடுத்ததற்கு முன் ஒரு நிமிடம் சும்மா நடங்கள். ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டு மனதுக்கு இதமானது, ஆனால் அது உங்களுக்காக ஜெபிக்காது.

நினைவு விஷயத்தில் பலர் தேவையில்லாமல் நொந்துபோகிறார்கள். கெட்ட எண்ணம் வந்ததும் பாவம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். திருச்சபையின் பழைய போதனை இதை மூன்று படியாகச் சொல்கிறது: தூண்டுதல், அதில் இனிப்பு, சம்மதம். வந்த எண்ணத்தை உடனே மறுத்தால் அது பாவமில்லை, புண்ணியம் என்று இஞ்ஞாசியாரும் சொல்கிறார். அதோடு மல்லுக்கட்டத்தான் கூடாது. பாகப்பிரிவினையில் ஏமாற்றிய அண்ணன் முகம் நீடாமங்கலம் தாண்டும்போது மனதில் வருகிறது என்றால், "நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது" என்று சொல்லச் சொல்ல அந்த முகம் பெரிதாகும். அடுத்த பத்துமணியை அண்ணனுக்கென்றே ஒப்புக்கொடுத்துவிடுங்கள். பத்து மணி உருட்டி முடிக்கும்போது கோபம் முழுவதும் போயிருக்காது, ஆனால் சம்மதம் என்ற படிக்கு ஏறியிருக்காது. ஜெபமாலை சொல்லாத நேரத்தில் திருப்பாடல் 141-இன் வேண்டுதல் துணைக்கு இருக்கிறது: "ஆண்டவரே, என் நாவுக்குக் காவல் வைத்தருளும்." ஒரே மூச்சில் முடியும்.

சொல் விஷயத்தில் திருச்சபையின் மறைக்கல்வி மூன்று பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று மனதுக்குள் முடிவுகட்டுவது ஒன்று. ஒருவருடைய உண்மையான குறையைத் தக்க காரணமின்றி, தெரியாதவர்களுக்குச் சொல்வது இரண்டாவது. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. சாலையில் அதிகம் நடப்பது இரண்டாவதுதான், ஏனென்றால் "உண்மையைத்தானே சொன்னேன்" என்ற சமாதானம் கூடவே வருகிறது. இன்னொரு வேஷமும் இதற்கு உண்டு: "அவங்க வீட்டுப் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுங்க, பாவம், என்ன நடந்துச்சுன்னா..." ஜெபக் கருத்தை மட்டும் சொல்லுங்கள், "ஒரு குடும்பத்துக்காக" என்றாலே மாதாவுக்குத் தெரியும். தங்கும் பள்ளிக்கூடத்தில் விளக்கணைத்த பிறகு படுத்தபடி பேசும் அரைமணி நேரத்தில்தான் இந்தப் பேச்சு கிளம்பும். படுக்கும்முன் சிலுவை போட்டதும் வாயை மூடிக்கொள்வது நல்லது.

வேளாங்கண்ணி வந்ததும் பெரும்பாலோர் நேராகக் கடலுக்கும் மொட்டைக்கும் போகிறார்கள். முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, நல்லது. மூன்று நாள் கணக்கு கையில் இருப்பதால் சொல்வது சுலபம். என்ன வகை, ஏறக்குறைய எத்தனை முறை என்பது போதும்; மற்றவர் பெயரும் கதையும் வேண்டாம். அங்கேயும் மருமகளைக் குறை சொல்லிவிட்டு எழுந்து வருபவர்கள் உண்டு. ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால், மன்னிப்புப் பெற்ற பிறகும் அதைச் சரிசெய்யும் கடமை நிற்கிறது. யாரிடம் சொன்னீர்களோ அவருக்குப் போன் செய்து, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும். சொன்னது உண்மையாகவே இருந்தால், "அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால் போதும். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் நகர்வதைவிட இந்தப் போன் பலருக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் அதை முதலில் முடித்துவிட்டு மணலில் இறங்குங்கள்.

திரும்பும் வேனில் எல்லாரும் அசந்து, சந்தோஷமாக இருப்பார்கள். யார் பாதியில் பஸ் ஏறினார், யார் சப்பரம் இழுக்கவில்லை என்ற பேச்சு நாகப்பட்டினம் வருவதற்குள் தொடங்கிவிடும். புளியங்கொட்டையைக் கடலில் போட்டுவிட்டு வராதீர்கள். வேனில் ஏறும்போது இருபதும் வலது பையில் இருக்கட்டும்.