கேம்ப்புக்கு கட்டாயம் போகோணுமோ?

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஸ்கூல்ல ரெண்டு நாள் கேம்ப், எல்லாரும் கட்டாயம் வரோணும் எண்டு வாட்ஸப் குரூப்பில மெசேஜ் போட்டதுதான் தாமதம் ஒரே சண்டை. பாதிப் பேர் பொம்பிளைப் பிள்ளையள இரவு தங்க விடேலாது எண்டு, மிச்சப் பேர் ரியூசன் போயிடும் எண்டு 🙄 (ரியூசன் ஒரு நாள் போனா உலகம் அழிஞ்சிடும் பாருங்கோ)

கேம்ப் நல்லதுதான், நான் மறுக்கேல்ல. 1907ல சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவல் இங்கிலாந்தில பிரவுன்சீ தீவில வச்ச முதல் கேம்ப்பில வசதியான வீட்டுப் பெடியளும் உழைச்சுச் சாப்பிடுற வீட்டுப் பெடியளும் ஒண்டாத்தான் இருந்தவங்கள், ஆனா ஒருத்தரையும் பிடிச்சு இழுத்துக்கொண்டு போகேல்ல.

கட்டாயம் எண்டா காசை ஸ்கூல் குடுக்கட்டும். கார்த்திகை மார்கழியில கடல் கொந்தளிச்சு தொழிலுக்குப் போகேலாம இருக்கிற வீட்டில போய் பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, டீசேர்ட் காசு எண்டு கேட்டா அதுகள் எங்க போறது? அந்த மழைக்குள்ள கூடாரம் அடிக்கிறதே விசர் வேலை அது வேற கதை. இழுப்பு இருக்கிற பிள்ளை, இரவில படுக்கை நனைக்கிற பிள்ளை எல்லாம் இருக்கு, அதுகள் வகுப்புக்கு முன்னால காரணம் சொல்லிக்கொண்டு நிக்கோணுமோ?

கட்டாயமாக்கோணும் எண்டு அவ்வளவு ஆசையெண்டா நீச்சலை ஆக்குங்கோவன். எங்கட திருகோணமலையில உப்புவெளி நிலாவெளி எண்டு சுத்திவரக் கடல், எங்கட பிள்ளையள் கனபேருக்கு நீந்தத் தெரியாது. அதுக்கு ஒரு குரூப்பிலயும் மெசேஜ் வரேல்ல.